3243ஆம் எழுத்து

இது ஓர் எழுத்தின் வரலாறு. அந்த இடத்தில் இருக்க வேண்டியது ஏ, இருப்பது ஜி. இடத்தின் எண் 3243. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் வளையமாகக் கிடக்கும் டி.என்.ஏ.வின் மொத்த நீளமே 16,569 எழுத்துதான். உட்கருவில் உள்ள 300 கோடி எழுத்துகளுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதில் ஒரே ஓர் எழுத்து மாறியதற்காக ஒரு வீட்டில் பாட்டிக்கு நாற்பது வயதில் காது மந்தமாகிறது, மகளுக்குச் சர்க்கரை வருகிறது, பேத்திக்குப் பதினாறு வயதில் பக்கவாதம் மாதிரி ஏதோ வந்து பார்வையில் பாதி போகிறது. மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான் என்று யாராவது சொல்வதற்குள் வருஷங்கள் ஓடிவிடுகின்றன.

வைப்பின் தீவில் அப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஞாறக்கல்லுக்கும் செறாய்க்கும் நடுவில் எங்காவது. நிஜத்தில் உள்ள யாரையும் நான் இங்கே இழுத்து வரவில்லை. இந்த எழுத்தைப் பற்றி மருத்துவ இதழ்களில் வரும் குறிப்புகளைப் படித்தால், ஊரும் பெயரும் மாறி மாறி, இதே குடும்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

ஏன் வைப்பின்? 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சி அழிமுகத்தைத் திறந்துவிட்டு, மணலைக் கொண்டுவந்து போட்ட இடம் இந்தத் தீவு என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதிலிருந்து புதுவைப்பு என்று ஓர் ஆண்டுக் கணக்கே கொச்சி ராஜ்யத்தில் வழங்கியது. தண்ணீருக்கு அந்தப் பக்கம் மட்டாஞ்சேரி அரண்மனை நிற்கிறது. போர்ச்சுகீசியர் கட்டியதை டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. கொச்சி ராஜாக்களின் முடிசூட்டு மண்டபம் அதற்குள் இருக்கிறது. அந்த வம்சத்தில் ராஜாவுக்குப் பின் அவர் மகன் பட்டத்துக்கு வர மாட்டான். ராஜாவின் தாய்வழிக் குடும்பத்தில், சகோதரிகளின் பிள்ளைகளில் ஒருவன் வருவான். மருமக்கத்தாயம்.

கேரளம் மருமக்கத்தாயத்தோடு சேர்த்துக் கூட்டுக் குடும்ப முறையை 1975இல் சட்டம் போட்டு முடித்துவைத்தது. மைட்டோகாண்ட்ரியாவை எந்தச் சட்டசபையும் தொட முடியவில்லை. அது இன்றைக்கும் மருமக்கத்தாயம்தான் பார்க்கிறது. தாய் தன் மைட்டோகாண்ட்ரியாவை மகனுக்கும் கொடுக்கிறாள், மகளுக்கும் கொடுக்கிறாள். மகனோடு அது நின்றுவிடும். மகள் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவாள். ஆகவே ஓர் ஆணுக்கு மைட்டோகாண்ட்ரியா வாரிசு அவன் பிள்ளையல்ல, சகோதரியின் பிள்ளை. மனிதர்களில் இது தாய்வழி மட்டுமே போகிறது என்று டக்ளஸ் வாலஸும் கூட்டாளிகளும் 1980இல் காட்டினார்கள். தறவாடு என்ற தாய்வழிக் கூட்டுக் குடும்பம் நடத்திய ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரிய ஐந்து நிமிஷம் போதும். கோத்திரமும் குலதெய்வமும் அப்பா வழியில் எண்ணிப் பழகிய நமக்குத்தான் நேரமெடுக்கும். “பரம்பரையில் யாருக்காவது உண்டா?” என்று ஆஸ்பத்திரியில் கேட்டால் நாம் பெரும்பாலும் அப்பா, அப்பாவின் அப்பா என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

எழுத்து மாறினால் என்ன ஆகிறது? அந்தச் சின்ன வளையத்தில் 37 மரபணுக்கள். 13 மரபணுக்கள் மூச்சுச் சங்கிலிப் புரதங்களுக்கானவை. மற்ற 24 அந்தப் புரதங்களைக் கட்டும் வேலைக்கு உதவி: ரைபோசோமுக்கு இரண்டு, அமினோ அமிலங்களைத் தூக்கிவரும் ஆர்.என்.ஏ.க்களுக்கு 22. லியூசினைத் தூக்கிவருவதற்கு இரண்டு ஆர்.என்.ஏ. உண்டு. அதில் ஒன்றின் மரபணுவில்தான் 3243 இருக்கிறது. ஏ ஜியாக மாறினால், அந்த ஆர்.என்.ஏ. செய்தியைப் படிக்கும் முனையில் டாரின் என்ற சத்து ஒட்டாமல் போகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். டாரின் ஒட்டாவிட்டால் படிப்பு தடுமாறுகிறது. புரதம் கட்டுவது தடுமாறுகிறது. செல்லுக்கு ஆற்றல் குறைகிறது, லாக்டிக் அமிலம் சேர்கிறது.

எல்லா வளையங்களும் ஒரே சமயத்தில் மாறுவதில்லை என்பதுதான் இந்த நோயைப் பிடிக்கவிடாமல் செய்கிறது. ஒரு செல்லுக்குள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் வளையங்கள் இருக்கும். கொஞ்சம் நல்லது, கொஞ்சம் கெட்டது என்று கலந்து கிடக்கும். மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கிடங்கு ஒன்றில் கருமிளகும் வெண்மிளகும் கலந்த மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால் எது எவ்வளவு வரும் என்று யார் சொல்ல முடியும்? தாயின் உடம்பில் கருமுட்டைகள் உருவாகும்போது நடப்பது இப்படி ஒரு பிடி அள்ளல். ஒரு முட்டைக்கு மாறிய எழுத்து 10 விழுக்காடு போகும், அடுத்ததற்கு 70 போகும். மூத்தவள் ஆயுள் முழுக்க ஒன்றும் தெரியாமல் இருப்பாள். இளையவளுக்குப் பதினாறு வயதில் வலிப்பு வரும். கூடப் பிறந்தவர்கள்தானே என்று ஒருத்தியை வைத்து இன்னொருத்தியை எடைபோட முடியாது.

பிறந்த பிறகும் எழுத்து ஓரிடத்தில் இருப்பதில்லை. செல்கள் பிரியப் பிரிய விகிதம் மாறிக்கொண்டே போகிறது. தசை, மூளை, இதயம், கணையம், காதின் நத்தையெலும்பு, இவற்றின் செல்கள் மிக அரிதாகப் பிரிபவை. ஆற்றலை அதிகம் தின்பவையும் இவைதான். அங்கே மாறிய எழுத்து தங்கிவிடும். ரத்தமோ நாள்தோறும் புதிதாகப் பிறப்பது. கெட்ட வளையம் அதிகமுள்ள செல்கள் அங்கே போட்டியில் பின்தங்கி ஒதுங்கிவிடுகின்றன. ஆகவே ரத்தத்தில் இந்த எழுத்தின் அளவு ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காடு வீதம் தேய்ந்துகொண்டே வரும். ஐம்பது வயதுக்காரரின் ரத்தத்தைச் சோதித்தால் “இல்லை” என்றே முடிவு வரலாம். காது கேட்காது, சர்க்கரை இருக்கும், இதயச் சுவர் தடித்திருக்கும், ஆனால் ரத்தம் மட்டும் சுத்தம். நோயாளியின் உடம்பிலேயே, நாம் முதலில் தேடும் இடத்திலிருந்து மட்டும் குற்றவாளி கிளம்பிப்போய்விடுகிறான்.

இனி அந்த வீட்டுக்கு வருவோம். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வந்ததிலிருந்து வைப்பின்காரர்களுக்கு எறணாகுளம் பெரிய தூரமில்லை. 2023இலிருந்து ஹைகோர்ட் துறைக்கு வாட்டர் மெட்ரோவும் ஓடுகிறது. ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் பக்கத்து ஆஸ்பத்திரியில் வீடு ஒன்றாக நுழைவதில்லை, ஆள் ஆளாக நுழைகிறது. அங்கே அம்மூம்மா என்று அழைக்கப்படும் பாட்டி காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போய் மெஷின் வாங்கி வருகிறாள். வயசாகிறது, அவ்வளவுதான் என்கிறார்கள். அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதில் சர்க்கரை. ஒல்லியான உடம்பு. கேரளத்தில் சர்க்கரை வந்தால் யாரும் புருவம் தூக்குவதில்லை. கையில் மெட்ஃபார்மின் வருகிறது. இந்த எழுத்தால் வரும் சர்க்கரை என்று தெரிந்திருந்தால் மெட்ஃபார்மினைத் தவிர்க்கப் பார்த்திருப்பார்கள், ஏனென்றால் அது லாக்டிக் அமிலத்தை ஏற்றிவிடக்கூடும். மாமனுக்கு இதயம். அது வேறு டாக்டர், வேறு ஃபைல். இந்தக் குடும்பத்தின் நோய் யாருக்கும் தெரியாமல் ஒளிந்திருக்கவில்லை. மூன்று துறைகளின் மூன்று ஃபைல்களில் எழுதியே வைக்கப்பட்டிருக்கிறது.

பேத்திதான் ஃபைல்களை ஒன்று சேர்க்க வைக்கிறாள். இரண்டு நாளாகத் தலைவலி, வாந்தி. பிறகு வலிப்பு. இடப்பக்கம் பார்வை இல்லை. பதினாறு வயதில் பக்கவாதமா என்று எல்லோரும் பதறுகிறார்கள். எம்.ஆர்.ஐ.யில் மூளையின் பின்பகுதியில் புண் மாதிரி ஒன்று வெள்ளையாகத் தெரிகிறது. இந்தியாவில் இந்தப் படத்தைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது தொற்று: ஹெர்பீஸ் மூளைக் காய்ச்சலா, டிபியா? சந்தேகத்துக்கு மருந்து ஏற்றுவார்கள். அதில் தப்பில்லை, ஹெர்பீஸாக இருந்து விட்டுவிட்டால் உயிர் போகும். தப்பு நடக்கக்கூடிய இடம் வேறு. வலிப்புக்கு வால்ப்ரோயேட் கொடுப்பது வழக்கம். சில மைட்டோகாண்ட்ரியா நோய்களில், குறிப்பாகப் பி.ஓ.எல்.ஜி. என்ற உட்கரு மரபணு கெட்டவர்களில், அது கல்லீரலையே முடித்துவிடும்.

படத்தை நின்று பார்க்கிறவருக்கு இரண்டு விஷயம் உறுத்தும். உண்மையான பக்கவாதத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டு, அந்தக் குழாய் ஊட்டும் பகுதி மட்டும் சாகும். இங்கே புண்ணின் எல்லை எந்தக் குழாயின் எல்லையோடும் பொருந்தவில்லை. சில வாரம் கழித்து எடுத்தால் அது நகர்ந்திருக்கும், ஓரிடத்தில் மங்கி இன்னோரிடத்தில் தலைகாட்டும். அதைக் கவனித்த நரம்பியல் டாக்டர் பெண்ணை விட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்புகிறார்.

“சேச்சி, உங்க அம்மாவுக்குக் காது நல்லாக் கேட்குமா?”

“இல்ல டாக்டரே. மெஷின் வச்சாதான்.”

“உங்களுக்கு?”

“எனக்கும் இப்பக் கொஞ்சம் கம்மிதான். டிவி சத்தம் கூட வைக்கிறேன்னு மோளு திட்டுவா.”

“சர்க்கரை உண்டோ?”

காசே இல்லாத சோதனை இதுதான். என்னைக் கேட்டால், இனிச் சொல்லப்போகும் எந்த ஆய்வகச் சோதனைக்கும் இது குறைந்ததில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. எல்லா மைட்டோகாண்ட்ரியா நோயும் தாய்வழி வருவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை உட்கரு மரபணுக்களே செய்கின்றன. சின்னக் குழந்தைகளுக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அந்த மரபணுக்களின் கோளாறு, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் வருவது. மாமன் மகளைக் கட்டும் நம் வீடுகளில் அதற்கு வாய்ப்பு கூடுதல். அந்தக் குடும்பங்களில் அம்மூம்மாவின் காதை விசாரித்துப் பலனில்லை.

அடுத்தது லாக்டேட். கேட்க எளிமையான ரத்தச் சோதனை, கெடுப்பதும் எளிது. கையில் பட்டை இறுக்கிக் கட்டினால் எண் ஏறும். குழந்தை அழுதால் ஏறும், முரண்டு பிடித்தால் ஏறும். சாம்பல் மூடி போட்ட ஃப்ளோரைடு குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, உடனே ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வராந்தாவில் ஒரு மணி நேரம் கிடந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் சரியான அளவே வந்தால் நோய் இல்லை என்று ஆகாது. உதவும், ஆனால் சத்தியம் செய்யாது.

பிறகு தசை. பல வருஷம் மைட்டோகாண்ட்ரியா நோயைக் கண்டுபிடிக்க இதுவே ராஜபாட்டை. தொடையின் வெளிப்பக்கத் தசையிலிருந்து விரல் நுனி அளவுக்கு ஒரு துண்டு எடுப்பார்கள். எடுத்தபின் நடப்பதுதான் முக்கியம். ஆஸ்பத்திரிகளில் வெட்டி எடுத்த எதையும் ஃபார்மலினில் போடுவது கைப்பழக்கம். இதைப் போட்டால் போச்சு, நொதிகள் செத்துவிடும், அதன் பிறகு பார்க்க ஒன்றுமிருக்காது. உப்புநீரில் நனைத்துப் பிழிந்த காஸில் சுற்றி எடுத்துப்போய், திரவ நைட்ரஜனில் குளிரவைத்த ஐசோபென்டேனில் அமிழ்த்த வேண்டும். நேராக நைட்ரஜனில் போட்டால் துண்டைச் சுற்றி ஆவி சூழ்ந்து உறைவது தாமதமாகும். தாமதமானால் தசைக்குள் இருக்கும் நீர் பனிப்படிகமாகி இழைகளைக் கிழித்துவிடும். நுண்ணோக்கியில் அது சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நோய் என்று நினைத்து ஏமாறவும் கூடும். ஒழுங்காக உறைந்த துண்டை மைனஸ் இருபது டிகிரிப் பெட்டிக்குள் வைத்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனில் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவார்கள்.

சாயத்துக்குப் பெயர் மாற்றியமைத்த கோமோரி டிரைக்ரோம். எங்கலும் கன்னிங்ஹாமும் 1963இல் தசைக்காகக் கொண்டுவந்தது. நல்ல இழைகள் பச்சை கலந்த நீலமாக, வழவழப்பான ஓரத்தோடு வரும். நோயுள்ள சில இழைகளின் ஓரத்தில் மட்டும் சிவப்பு கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும், ஓரம் கந்தலாகிக் கிடக்கும். பற்றாக்குறையை ஈடுகட்ட அந்தச் செல் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கிப் பெருக்கிப் பார்த்ததன் தடயம் அந்தச் சிவப்பு. அந்தக் கந்தல் சிவப்பு இழைகளைத் தேடித்தான் ஒரு தலைமுறை நரம்பியலாளர்கள் நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்திருந்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸின் தசை ஆய்வகத்துக்குத் தென்னிந்தியாவின் பல ஊர்களிலிருந்தும் இப்படித் துண்டுகள் போயிருக்கின்றன.

நம் எழுத்து மருத்துவத்துக்குள் நுழைந்த கதை இங்கேதான் சேர்கிறது. 1962இல் ஸ்வீடனின் ரோல்ஃப் லுஃப்ட் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். சாப்பிட்டுக்கொண்டே இருந்தும் இளைத்தாள், வியர்வையில் குளித்தாள். தைராய்டு காரணமில்லை. அவள் மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைப் பிடித்து வைக்காமல் வீணாக எரித்துக்கொண்டிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவால் வரும் நோய் என்று மருத்துவம் அறிந்த முதல் ஆள் அவள்தான். அடுத்த ஆண்டே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் டி.என்.ஏ. இருப்பது தெரிந்தது. 1981இல் கேம்பிரிட்ஜில் 16,569 எழுத்துகளையும் படித்து முடித்தார்கள். 1984இல் வலிப்பு, லாக்டிக் அமிலம், பக்கவாதம் போன்ற தாக்கு எல்லாம் சேர்ந்து வரும் நோய்க்கு மெலாஸ் என்று பெயர் வந்தது. 1990இல் ஜப்பானில் கோட்டோ, நோனாகா, ஹொராய் மூவரும் மெலாஸ் நோயாளிகளிடம் 3243இல் ஏ போய் ஜி இருப்பதைக் கண்டார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு டச்சுக் குடும்பத்தில் அதே எழுத்து, அதே மாற்றம். ஆனால் அங்கே வலிப்பு இல்லை, பக்கவாதம் இல்லை. சர்க்கரையும் செவிடும் மட்டும். ஒரே எழுத்துக்கு இரண்டு நோய்ப் பெயர் அன்றிலிருந்து நடக்கிறது. வைப்பின் வீட்டில் பாட்டியும் பேத்தியும் அந்த இரண்டு பெயர்களைப் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எழுத்தும் அவ்வளவு அபூர்வமில்லை. ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் வட்டாரத்தில் சாதாரண மக்களைச் சோதித்ததில் ஏறத்தாழ 400 பேருக்கு ஒருவரிடம் அது இருந்தது. பெரும்பாலோருக்கு அது அங்கே இருப்பதே தெரியாது.

இந்தியாவில் இந்த வளையத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பவர்களில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் முக்கியமானவர். அந்தமான் பழங்குடிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று 2005இல் சயின்ஸ் இதழில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கட்டுரைக்கு ஆதாரமும் மைட்டோகாண்ட்ரியா எழுத்துகள்தான். கொச்சியின் யூதச் சமூகமும் இந்தப் படிப்புக்குத் தப்பவில்லை. அவர்களின் தாய்வழி பெரும்பாலும் இந்த மண்ணைச் சேர்ந்தது என்று மரபியல் ஆய்வுகள் சொல்கின்றன. எந்தப் பாட்டி எந்தக் கரையிலிருந்து வந்தாள் என்று சொல்லும் அதே வளையத்தில்தான் அவள் பேத்திக்கு வலிப்பு ஏன் வந்தது என்பதும் எழுதியிருக்கிறது. அதனால் வரலாறு படிக்கும் ஆய்வகத்துக்கே நோயாளிகளின் மாதிரிகளும் வந்து சேர்வதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது முதலில் தசையை வெட்டுவது குறைந்துவிட்டது. மரபணுச் சோதனை முந்திக்கொண்டது. இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. “எக்ஸோம் எடுத்தாச்சு, நார்மல்” என்ற ரிப்போர்ட்டோடு பல குடும்பங்கள் திரும்புகின்றன. எக்ஸோம் என்பது முதன்மையாக உட்கரு மரபணுக்களைப் படிப்பது. மைட்டோகாண்ட்ரியா வளையத்தையும் சேர்த்துப் படிக்கச் சொன்னார்களா, எவ்வளவு ஆழமாகப் படித்தார்கள், எந்தத் திசுவில் எடுத்தார்கள் என்று கேட்காமல் அந்த “நார்மலை” நம்பக் கூடாது. ரத்தத்தில் தேய்ந்துபோன எழுத்தை ரத்தத்தில் தேடி இல்லை என்று எழுதித் தருவது யாருக்கும் உதவாது.

தீர்வு மிகச் சாதாரணமானது. சிறுநீர். சிறுநீர்ப் பாதையிலிருந்து உதிரும் செல்களில் இந்த எழுத்து ரத்தத்தைவிட அதிகமாகத் தங்குகிறது. காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, குளிர வைத்து, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். மையவிலக்கில் சுழற்றினால் அடியில் மங்கலாக ஒரு படிவு நிற்கும். அதிலிருந்து டி.என்.ஏ. எடுப்பார்கள். கத்தி வேண்டாம், நைட்ரஜன் வேண்டாம். வைப்பின் பாட்டில் கோஸ்ரீ பாலத்தைத் தாண்டி எறணாகுளம் போய், அங்கிருந்து கூரியரில் வேறு ஊர் ஆய்வகத்துக்குப் போகும். பேத்தியின் ரத்தத்தில் ஓரளவு, சிறுநீரில் அதைவிடப் பல மடங்கு. அம்மாவின் ரத்தத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும், சிறுநீரில் தெளிவாக இருக்கும். இந்த எழுத்தைச் சுமக்கும் குடும்பங்களில் வழக்கமாக வரும் கணக்கு இது.

தெரிந்து என்ன லாபம், மருந்துதான் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்தைத் திருத்தும் மருந்து இல்லை, உண்மை. ஆனால் செய்ய நிறைய இருக்கிறது. அம்மாவின் மெட்ஃபார்மினை மாற்றலாம். பேத்தியின் வலிப்பு மருந்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். தாக்கு வரும்போது அர்ஜினின் ஏற்றுகிறார்கள். ஜப்பானில் 2019இலிருந்து மெலாஸுக்கு அதிக அளவு டாரினுக்கு அனுமதி உண்டு. மாமனின் இதயத்தை ஆண்டுதோறும் பார்க்கலாம். பாட்டிக்குக் காது இன்னும் மோசமானால் காக்ளியர் இம்ப்ளான்ட் நன்றாகவே வேலை செய்யும், ஏனெனில் கெட்டது நத்தையெலும்பு, கேட்கும் நரம்பு அல்ல. அரசுப் பக்கம் 2021இன் அரிய நோய்க் கொள்கை இருக்கிறது. கேரளம் 2024இல் கேர் என்று தனித் திட்டமே தொடங்கியது. தாயாக விரும்பும் பெண்ணுக்குத் தானமாகப் பெற்ற கருமுட்டை ஒரு வழி. பிரிட்டன் 2015இல் சட்டம் போட்டு, இன்னொரு பெண்ணின் மைட்டோகாண்ட்ரியாவைக் கடன் வாங்கவும் அனுமதித்தது. அந்த முறையில் நியூகாசிலில் எட்டுக் குழந்தைகள் பிறந்ததாக 2025இல் அறிவித்தார்கள்.

வீட்டில் இப்போது கேள்வி வேறு. மாமனுக்கு மூன்று பிள்ளைகள். அவர்களில் யாரையும் சோதிக்க வேண்டியதில்லை, எழுத்து அவரோடு முடிகிறது. அவர் மனைவிக்கு இதை இரண்டு தடவை விளக்க வேண்டியிருக்கும். அப்பாவுக்கு இருப்பது பிள்ளைக்கு எப்படி வராமல் போகும் என்று அவள் கேட்பதில் நியாயமில்லாமல் இல்லை. அம்மாவின் தங்கை கல்யாணமாகிப் பறவூரில் இருக்கிறாள். அவளுக்கு இரண்டு பெண், ஒரு பையன். மூத்தவளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. அவர்கள் நால்வருக்கும் காலைச் சிறுநீர், காதுப் பரிசோதனை, இ.சி.ஜி., மூன்று மாதச் சர்க்கரை அளவு. போன் பண்ணிச் சொல்ல வேண்டியவள் அம்மா. கல்யாணப் பேச்சு முடியட்டும் என்று அவள் ஒரு வாரமாகத் தள்ளிப்போடுகிறாள். அதற்குள் தங்கையே கூப்பிட்டுவிட்டாள், மோளுக்கு இப்ப எப்படி இருக்கிறது என்று விசாரிக்க.